அணியம் வரை ஒரு வயர்

எங்கள் படகின் முன்முனையான அணியத்தில், கம்பிக் கைப்பிடிச் சட்டத்தின் மேல், சிவப்பும் பச்சையும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் ஒரு விளக்கு உண்டு. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இருட்டில் எதிரே வருகிறவருக்கு நாங்கள் எந்தத் திசையில் போகிறோம் என்று சொல்வது அது ஒன்றுதான். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள்படி, 12 மீட்டருக்குக் குறைவான படகின் பக்கவிளக்கு குறைந்தது ஒரு கடல்மைல், அதாவது 1852 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். எங்களுடையது 10 மீட்டர் பாய்மரப் படகு. ஒரு மாலை சிறிய துடுப்புப் படகில் சற்றுத் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். சில நூறு மீட்டரிலேயே அந்தப் பச்சை, பச்சை என்று சொல்ல முடியாத அளவுக்கு மங்கியிருந்தது.

பல்பை மாற்றினேன். மாற்றம் இல்லை. மல்டிமீட்டரை எடுத்து அளந்தேன். ஸ்விட்ச் பேனலில் 12.6 வோல்ட் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அதன் டெர்மினலில் 10.2 தான். இழை பல்புக்கு வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிட வேகமாகச் சரியும். 12 வோல்ட்டுக்கான பல்பு 10.2 வோல்ட்டில் தன் முழு வெளிச்சத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் தரும். குறைந்த வோல்டேஜ் எல்லாம் வழியில், வயருக்குள், சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

விளக்குப் பக்கம் வயரை இரண்டு அங்குலம் சீவிப் பார்த்தேன். செம்பு கறுப்பாக இருந்தது. இன்னும் ஒரு சாண் சீவினேன், அங்கேயும் கறுப்பு. பூச்சில்லாத வெறும் செம்புக் கம்பி, நுனியில் உப்பு ஈரம் பட்டால், மெல்லிய இழைகளுக்கு நடுவே அந்த ஈரத்தை விளக்குத்திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோல உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே பிளாஸ்டிக் உறை புதிதுபோல இருக்கும், உள்ளே செம்பு செத்துக்கொண்டே போகும். நுனியை வெட்டி, இணைப்புக்கான உலோக முனையான லக் ஒன்றைப் புதிதாக அடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அங்கே முடிந்தது. பேனலிலிருந்து அணியம் வரை முழுசாகப் புதிய வயர் போட வேண்டும்.

வீட்டில் வயர் இழுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. வீட்டில் சுவர் நேராக இருக்கும், பைப் இருக்கும், மூலைக்கு மூலை ஒரு பெட்டி இருக்கும். ஃபைபர் படகு அப்படிக் கட்டப்படுவதில்லை. முதலில் வெளி ஓடு ஒன்றை அச்சில் வார்ப்பார்கள். அதற்குள் தரை, படுக்கை, அலமாரி எல்லாம் சேர்ந்த உள் ஓடு ஒன்றை இறக்கி ஒட்டுவார்கள். வயர், குழாய் எல்லாவற்றையும் அந்தக் கட்டத்தில், மேலே திறந்து கிடக்கும்போது, போட்டுவிடுவார்கள். கடைசியில் மேல்தளத்தை மூடிபோல இறக்கி விளிம்பைச் சுற்றி ஒட்டிவிடுவார்கள். வயர் போட்டவர் நின்றுகொண்டு சாவகாசமாகப் போட்ட இடம், மாற்ற வருகிறவருக்கு மூன்று விரல் அகலத்தில் ஓர் இடுக்கு. நீங்கள் அந்த இடுக்கின் ஒரு முனையில் தலைகீழாகப் படுத்திருப்பீர்கள்.

முதல் நாள் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை அதுதான். பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி மறுபக்கம் இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். தம்பி பேனல் பக்கம், நான் அணியம் பக்கம். அவன் இழுத்தான், ஒரு கையளவு வந்தது, நின்றது. இன்னும் பலமாக இழுக்கச் சொன்னேன். டப் என்று ஏதோ அறுந்தது. அவன் கையில் நாலு அடி வயர் வந்தது, மீதி உள்ளேயே இருந்துவிட்டது. பிறகு கேமராவில் பார்த்தபோதுதான் தெரிந்தது, படகைக் கட்டும்போதே நடுவழியில் அந்த வயரின் மேல் ரெசினும் ஃபைபர் துணியும் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நல்லவேளை, புதிய வயரை இழுக்க வைத்திருந்த கயிற்றை இன்னும் அதில் கட்டவில்லை. பழைய வயர் முதலில் தனியாக முன்னும் பின்னும் அசைகிறதா என்று பாருங்கள். ஒரு முனையை ஆட்டினால் மறுமுனை ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் அதை வழிகாட்டியாக நம்ப வேண்டாம். இரண்டு நுனியையும் வெட்டி மூடிவிட்டு, உள்ளேயே கிடக்க விடுங்கள்.

இரண்டாம் நாள் முழுக்க நான் ஒரு வயரையும் தொடவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. எல்லா அலமாரிகளையும் காலி செய்தேன், தரைப் பலகைகளைத் தூக்கினேன், மெத்தைகளை வெளியே எடுத்தேன். போனில் இணைக்கும் நீளமான குழாய்க் கேமரா ஒன்று இருக்கிறது, முனையில் சின்ன விளக்கோடு. அதை ஒவ்வொரு பொந்திலும் விட்டுப் பார்த்தேன். பல வருஷம் நான் படுத்துத் தூங்கிய படுக்கைக்கு ஒரு சாண் பின்னால் என்ன இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். வெளி ஓட்டை ஒட்டி நீளவாக்கில் ஒரு சட்டம் போகிறது, அதன் மேல்விளிம்பு ஓர் இயற்கையான அலமாரிபோல அகலமாக இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் அது தொடர்கிறது. எனக்கு வழி கிடைத்துவிட்டது.

வழியை ஒரு தாளில் வரைந்தேன். பேனலில் தொடங்கி, சமையல் மேடைக்குப் பின்னால், முதல் குறுக்குச் சுவர், தண்ணீர்த் தொட்டியின் பின்புறம், இரண்டாவது குறுக்குச் சுவர், முன்அறையின் உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, நங்கூரச் சங்கிலி அறையின் சுவர், கடைசியில் கைப்பிடிச் சட்டத்தின் எஃகுக் குழாய். ஒரு நூலை இதே மாதிரி வளைத்து வளைத்து வெளிப்பக்கமாகப் பிடித்து அளந்தேன். 11 மீட்டர். படகே 10 மீட்டர்தான். ஏறி இறங்கி வளைந்து போகும் வயர் எப்போதும் நாம் நினைப்பதைவிட நீளமாகத்தான் இருக்கும். வாங்குவதற்கு முன் இதை அளக்காமல் கண்ணால் கணித்தால், கடைசி ஒரு மீட்டருக்கு ஒட்டுப்போட வேண்டிவரும். அந்த ஒட்டு எப்போதும் நனையும் இடத்தில்தான் வந்து நிற்கும்.

நீளம் தெரிந்தால்தான் தடிமனும் தெரியும். 12 வோல்ட்டில் இது மிக முக்கியம், ஏனென்றால் இழக்க நம்மிடம் அதிக வோல்ட் இல்லை. 25 வாட் பல்பு ஏறக்குறைய 2.1 ஆம்பியர் எடுக்கும். மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். ஆகவே கணக்குக்கு 11 இல்லை, 22 மீட்டர். செம்புக் கம்பியின் தடை, ஒரு சதுர மி.மீ. குறுக்களவுக்கு மீட்டருக்குச் சுமார் 0.0175 ஓம். 1.5 சதுர மி.மீ. வயரில் 0.54 வோல்ட் போய்விடும், அது 4.5 சதவீதம். 2.5 சதுர மி.மீ. வயரில் 0.32 வோல்ட், 2.7 சதவீதம். படகு மின்வேலைக்கு அமெரிக்காவின் ஏபிஒய்சி அமைப்பு வைத்திருக்கும் இ-11 தரவிதி, வழிகாட்டி விளக்கு போன்ற பாதுகாப்புக்கான இணைப்புகளில் 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு கூடாது என்கிறது. அதனால் 2.5. பழைய வயர் 1 சதுர மி.மீ. தான். அது புதிதாக இருந்தபோதே 0.8 வோல்ட் விழுங்கியிருக்கும். கறுத்த பிறகு 2.4 விழுங்கியது.

எல்.ஈ.டி. பல்பு போட்டால் ஆம்பியர் ரொம்பக் குறையுமே, பழைய வயரே போதுமே என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கூடு இழை பல்புக்காகச் சோதித்து அங்கீகரிக்கப்பட்டது. வெள்ளை எல்.ஈ.டி.யை அதன் பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் நிறம் நீலம் கலந்ததுபோல மாறிவிடலாம், சிவப்பும் பச்சையும் பிரியும் கோடும் சரியாக விழாமல் போகலாம். முழு விளக்கையே எல்.ஈ.டி.யாக மாற்றுவது வேறு. அப்போதும் உள்ளே கறுத்துப்போன வயரை நான் நம்பமாட்டேன்.

வயரின் வகையையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளீயப் பூச்சுள்ள செம்பு, பல மெல்லிய இழைகள் சேர்ந்தது. ஒற்றைக் கம்பியாக வரும் வீட்டு வயரைப் படகில் எங்கேயும் போடக் கூடாது. அலையிலும் இன்ஜின் அதிர்விலும் ஆடி ஆடி அது ஒருநாள் லக்குக்குப் பக்கத்தில் ஒடியும். பாசிட்டிவும் நெகட்டிவும் ஒரே வெளியுறைக்குள் வரும் இரட்டை வயராக எடுத்தேன். இடுக்கில் இழுக்கும்போது உராய்வதெல்லாம் வெளியுறை மேல்தான் உராயும், உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும். நெகட்டிவுக்கு மஞ்சள் நிறம். கறுப்பும் வைக்கலாம், ஆனால் கரையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும் படகுகளில் சில நாட்டு முறைப்படி கறுப்பு என்பது உயர் வோல்டேஜ் கம்பி. குழப்பத்துக்கு இடம் வேண்டாம்.

சரி, இழுப்பதற்கு வருவோம்.

ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு விதமாக ஒத்துழைத்தது. சமையல் மேடைக்குப் பின்னால், எலெக்ட்ரீஷியன்கள் பைப்புக்குள் விடும் தட்டையான ஸ்பிரிங் ஒரே தள்ளில் போய்விட்டது. தொட்டிக்குப் பின்னால் அது போகவில்லை. தாங்க எதுவும் இல்லாத அகலமான வெற்றிடத்தில் ஸ்பிரிங் தன் சுருளுக்குத் திரும்பப் பார்க்கும், வளைந்து கீழே தொங்கிவிடும். அங்கே விறைப்பான ஃபைபர் குச்சிகள்தான் சரி. ஒன்றோடொன்று திருகி நீட்டிக்கொண்டே போகலாம். தம்பி அந்தப் பக்கம் அலமாரிக்குள் தோள்வரை கையை விட்டுக் காத்திருந்தான்.

"அக்கா, ஏதோ இடிக்குது."

"எங்கே, கைக்கு மேலேயா, கீழேயா?"

"கீழே. சட்டத்துக்கு அடியில போயிடுச்சு."

இழுத்து, முனையைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்து, மறுபடி. நாலாவது முறை சட்டத்தின் மேல் ஏறி அவன் விரலைத் தொட்டது. ஆனால் அந்தக் குச்சியின் பின்னால் நான் வயரைக் கட்டவில்லை. 20 மி.மீ. பிளாஸ்டிக் பைப்பைத்தான் கொண்டுபோனேன். காரணம், அந்தத் தொட்டிக்குப் பின்னால் என் கை ஒருபோதும் போகாது. கை போகாத இடத்தில் வயரைச் சுவரோடு கட்ட முடியாது. இ-11 தரவிதி ஒவ்வொரு 45 செ.மீ.க்கும் ஒரு பிடிப்பு இருக்க வேண்டும் என்கிறது. பைப்புக்குள் போனால் பைப்பே தாங்கிக்கொள்ளும். பைப் சட்டத்தின் மேல்விளிம்பில் படுத்துக்கொண்டது. இரண்டு முனையையும் குறுக்குச் சுவர்களில் பிடிமானம் வைத்து இறுக்கினேன். லேசான சரிவும் கொடுத்து, தாழ்ந்த முனையில் ஒரு சிறிய துளையும் போட்டேன், உள்ளே நீர் கோத்தால் வடிய வேண்டுமே.

முன்அறையின் இடைவெளிதான் என்னை ஒன்றரை நாள் நிறுத்திவைத்தது. உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே இரண்டு விரல்கடை அகலம், இரண்டரை மீட்டர் நீளம், அதுவும் படகின் வளைவோடு சேர்ந்து வளைகிறது. ஸ்பிரிங்கும் நுழைந்தது, குச்சியும் நுழைந்தது. இரண்டுமே பாதியில், கரடுமுரடான ரெசின் கட்டிகளில் சிக்கி நின்றன. கடைசியில் வழி காட்டியது ஒரு காந்தம். கயிற்றின் நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி உள்ளே விட்டேன். அறைக்குள்ளிருந்து, உள் ஓட்டின் மேல் ஒரு வலுவான காந்தத்தை வைத்தேன். ஃபைபர் காந்தத்தை மறைக்காது, அந்த இடத்தில் உள் ஓட்டின் தடிமனும் நாலைந்து மி.மீ.தான். டக் என்று உள்ளே நட்டு வந்து ஒட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. காந்தத்தை மெதுவாக முன்னோக்கி நகர்த்த, உள்ளே நட்டு கூடவே நடந்தது. கட்டி வந்த இடத்தில் கொஞ்சம் மேலே ஏற்றி, சுற்றி, மறுபடி கீழே. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோல. இருபது நிமிஷத்தில் நங்கூர அறைச் சுவர் வந்துவிட்டது. எஃகுப் படகில் இந்த வித்தை பலிக்காது. வேலை முடிந்ததும் அந்தக் காந்தத்தைத் திசைகாட்டிக்கு வெகுதூரத்தில் கொண்டுபோய் வையுங்கள்.

எஃகுக் குழாய்க்கு இன்னொரு முறை. மூடிய குழாய் என்றால் காற்றையே வேலை வாங்கலாம். ஸ்பாஞ்சில் ஒரு சின்னத் துண்டை, குழாயின் உள்அளவுக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, தையல் நூலில் கட்டி ஒரு முனையில் வைத்தேன். மறுமுனையில் வேக்கூம் கிளீனர். சட்டென்று உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. நூலால் கயிற்றை இழுத்து, கயிற்றால் வயரை இழுக்க வேண்டும். குழாயில் வயர் நுழையும் துளையும் வெளியேறும் துளையும் கத்திபோல இருந்தன. அரத்தால் வழவழப்பாக்கி, விளிம்பை மூடும் வளையமான ரப்பர் புஷ் போட்ட பிறகுதான் வயரை உள்ளே விட்டேன். பழைய வயரின் உறை மிக மோசமாகத் தேய்ந்திருந்தது இந்த இடத்தில்தான்.

வயரைக் கயிற்றோடு கட்டுவதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். விளக்குக்கு ஒன்று, முன்அறை விளக்குகளுக்கு ஒன்று என்று இரண்டு வயர்களைச் சேர்த்து இழுத்தேன். நுனிகளை ஒரே இடத்தில் முடிக்காமல், ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒரு விரல் நீளம் தள்ளித் தள்ளி வைத்து, மேலே இன்சுலேஷன் டேப்பை மீன் மூக்குபோலக் கூராகச் சுற்றினேன். கயிற்றை ஒரு முடிச்சில் விடாமல், வயரின் மேல் நாலைந்து இடத்தில் அரைமுடிச்சாகச் சுற்றிக்கொண்டு வந்து கட்டினேன். அப்போதுதான் இழுவை ஒரே இடத்தில் விழாது. வயர் சுருளை ஒரு கம்பில் கோத்துச் சுழல விட வேண்டும். தரையில் வைத்து வளையம் வளையமாக எடுத்தால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முறுக்கு ஏறி, இடுக்குக்குள் மடங்கிக்கொள்ளும். வழுக்கலுக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரைப் பலர் சொல்வார்கள். அது காய்ந்தால் பசைபோல ஆகி, அடுத்த முறை எதையும் நகர விடாது. வயர் இழுப்பதற்கென்றே விற்கும் வழுக்குப் பசையோ, இல்லையென்றால் டால்க் பவுடரோ போதும்.

இழுக்கும்போது பேச்சும் ஓர் கருவிதான். நாங்கள் மூன்று வார்த்தைகள் மட்டும் வைத்துக்கொண்டோம். இழு, நில், விடு. சுவருக்கு அப்பாலிருந்து "இன்னும் கொஞ்சம்" என்றால் அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் இழுக்க, மற்றவர் தள்ள வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில். தள்ளுகிறவர் கைதான் முதலில் இறுக்கத்தை உணரும். இறுகினால் பலத்தைக் கூட்டாமல் ஓர் அடி பின்னால் விட்டு மறுபடி வர வேண்டும்.

குறுக்குச் சுவர்களில் துளை போடுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சுவரின் அடியில், படகின் முதுகெலும்பான ஏராவை ஒட்டி, ஏற்கனவே துளைகள் இருக்கும். வயர் விட வசதியாகத்தான் தெரியும். அவை நீர் வடிந்து, படகின் அடிப்பள்ளமான பில்ஜுக்குப் போவதற்கான வழிகள். அதில் வயரை விட்டால் குப்பை அதில் சிக்கும், நீர் தேங்கும், வயர் வருஷம் முழுக்க நனைந்தே கிடக்கும். தேய்ந்த உறையிலிருந்து பாசிட்டிவ் மின்சாரம் பில்ஜ் நீருக்குள் கசியத் தொடங்கினால், அந்த நீரைத் தொடும் வெண்கல வால்வுகளை அது சில வாரங்களில், சில சமயம் அதைவிடச் சீக்கிரமாகவே, அரித்துவிடும். கடல் உள்ளே வராமல் தடுக்கும் வால்வுகள் அவை. ஆகவே எவ்வளவு சிரமமாக இருந்தாலும் துளை மேலேதான். முடிந்தவரை உயரே.

துளையிடும் முன் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேமராவில் பார்த்தேன், தம்பியும் கைவிளக்கோடு மறுபக்கம் பார்த்துச் சொன்னான். தொட்டி 5 செ.மீ. தள்ளி இருந்தது. டிரில் முனையில் ஒரு மரக்கட்டையைத் துளைத்து மாட்டி, சுவரின் தடிமன் அளவு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். அது அதற்கு மேல் போகவே முடியாது. ஃபைபர் தூள் நுரையீரலுக்கு மிகக் கெடுதல், முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் ஒரு துளைகூடப் போட வேண்டாம். எல்லாத் துளைகளையும் வயரின் பருமனைப் போல இரண்டு மடங்காகப் போட்டேன். சுவர் உள்ளே பிளைவுட் என்பதால் வெட்டிய விளிம்பில் எப்பாக்ஸியை இரண்டு முறை தடவி, ஈரம் உள்ளே போகாமல் அடைத்தேன். காய்ந்த பிறகு ரப்பர் புஷ். நங்கூர அறைச் சுவர் நீர் புகாமல் இருக்க வேண்டிய சுவர். அங்கே மட்டும் புஷ் போதாது, வயரைச் சுற்றி இறுகி நீரை அடைக்கும் கேபிள் கிளாண்ட் வைத்து இறுக்கினேன்.

நுரை அடைத்த படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைத் தெர்மோகோல் வகை நுரையான பாலிஸ்டைரீனைத் தொட்டுக்கொண்டு பி.வி.சி. உறை போட்ட வயர் போகக் கூடாது. உறைக்கு மென்மை தரும் ரசாயனம் மெல்ல மெல்ல நுரைக்குள் இறங்கிவிடும். நுரை உருகிப் பசையாகும், வயர் உறை விறைத்து வெடிக்கும். திறந்து பார்க்காமல் தெரியவே தெரியாது. நடுவே ஒரு பைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. இன்ஜின் அறை வழியாகப் போக வேண்டியிருந்தால் 105 டிகிரி செல்சியஸ் தாங்கும் உறையாக எடுங்கள். அப்போதும் அந்தச் சூட்டில் வயர் தாங்கும் ஆம்பியரை 0.85 ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாய்மரத்துக்குள் போகும் வயர்கள் வேறு ஒரு தொல்லை. இரவெல்லாம் உள்ளே டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். வயர்க் கற்றையில் அங்கங்கே மூன்று கேபிள் டைகளை மூன்று திசையில் முனை நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டி உள்ளே இழுத்தால், அந்த முனைகள் மீசைபோல வளைந்து வயரை நடுவில் நிறுத்திவைக்கும்.

கை போகும் இடங்களில் எல்லாம் கேபிள் டை போட்டேன், நறுக்கிய முனையைக் கூராக விடாமல் வெட்டினேன். அடுத்து வரும் கை அதில்தான் கிழியும். முன்அறை விளக்குகளின் டெர்மினல் பெட்டிக்கு முன்னால் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்க விட்டேன். வயர் வழியே நீர் ஒழுகி வந்தால் வளைவின் அடியிலிருந்து சொட்டிவிடும், இணைப்புக்குள் போகாது. மறைந்த வழியில் ஓர் ஒட்டுக்கூட இல்லை. இரண்டு நுனிகளில் மட்டும் லக், ராச்செட் கருவியால் அழுத்தியது, அதன் மேல், சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடு காட்டும்போது ஓரத்தில் பசை லேசாகப் பிதுங்கி வர வேண்டும், அப்போதுதான் அடைபட்டது என்று அர்த்தம். கைக்கு உள்ள முழு பலத்தோடும் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

பேனலில் இந்த இணைப்புக்கென்று தனியாக 5 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் காப்பது விளக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. எங்கோ உரசி வயர் ஷார்ட் ஆனால், பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் தள்ளத் தயாராக இருக்கிறது. தொட்டிக்குப் பின்னால் இருக்கும் அந்த மெல்லிய வயர்தான் அப்போது அடுப்புக் கம்பியாகும். அதனால் எந்த வயர் பேட்டரியிலிருந்து நேராகக் கிளம்பினாலும், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. கை போகாத இடத்தில் தீப்பிடித்தால் அணைக்கவும் கை போகாது.

எல்லாம் முடிந்து ஸ்விட்ச் போட்டபோது ஒரு விஷயம் என்னைத் திகைக்க வைத்தது. முன்அறை விளக்கைப் போட்டால் திசைகாட்டி 4 டிகிரி திரும்பியது. அணைத்தால் பழைய இடத்துக்கு வந்தது. பேனலுக்குப் பக்கத்தில், திசைகாட்டி மாட்டிய சுவரின் பின்புறம், வெளியுறையை நீக்கிப் பாசிட்டிவை ஒரு பக்கமும் நெகட்டிவை இன்னொரு பக்கமுமாகக் கொண்டுபோயிருந்தேன். நேர் மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி எப்போதும் ஒரு காந்தப்புலம் இருக்கும். போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒட்டியிருந்தால் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும். பிரிந்தால் செய்யாது. இரண்டையும் சேர்த்து முறுக்கி, முடிந்தவரை தள்ளிக் கட்டினேன். ஊசி அசையவில்லை. இதை விளக்குகள் இல்லாத பகல் நேரத்தில் மட்டும் சோதித்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இரவில், விளக்கு போட்டுக்கொண்டு, 4 டிகிரி தவறான திசையில் போயிருப்போம்.

இப்போது விளக்கின் டெர்மினலில் 12.2 வோல்ட். அதே மாலை மறுபடி துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு போனேன், இந்த முறை இன்னும் தூரம். தம்பி படகைக் கட்டிய கயிற்றைப் பிடித்து, அணியத்தை மெல்ல என் பக்கம் திருப்பினான். பச்சை பளிச்சென்று தெரிந்தது. இன்னும் திருப்பினான். பச்சையோடு சிவப்பும் சேர்ந்து வந்தது, பிறகு பச்சை மறைந்து சிவப்பு மட்டும் நின்றது.

வயரோடு நான் இன்னொன்றையும் இழுத்திருந்தேன். அழுகாத, மெல்லிய, ஆரஞ்சு நிற பாலியெஸ்டர் கயிறு. பேனல் முதல் நங்கூர அறை வரை, இரண்டு முனையிலும் ஒரு முழம் மிச்சம் வைத்து, சுருட்டிக் கட்டி, "இழுக்கும் கயிறு, வெட்ட வேண்டாம்" என்று எழுதிய அட்டையோடு. வயரின் இரண்டு முனைகளிலும் பெயர் ஒட்டினேன். வழி வரைந்த தாளைப் பேனல் கதவின் உட்பக்கம் பிளாஸ்டிக் உறையில் வைத்தேன். தொட்டிக்குப் பின்னால் பைப் எங்கே, உள் ஓட்டில் ரெசின் கட்டிகள் எங்கே, பழைய வயர் எங்கே செத்துக் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

மறுவருஷம் அணியத்தில் ஆழம் காட்டும் கருவிக்கு ஒரு கேபிள் போட வேண்டிவந்தது. நான் அலமாரியைக்கூட முழுசாகக் காலி செய்யவில்லை. கேபிளின் மூக்கில் கயிற்றையும், அதன் கூடவே ஒரு புதிய கயிற்றையும் கட்டினேன். தம்பி நங்கூர அறையில் உட்கார்ந்து இழுத்தான். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

"வந்துடுச்சுக்கா," என்றான். "கயிறையும் கட்டிட்டேன்."